தத்தும் வளர்ப்பும் மகவேற்பும்: ஒரு சொல்லின் சமூக அடிப்படைகள்

கலஹாப் பகுதியிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலே சில ஆண்டுகளுக்கு முன்னர் நேரிற் காண நேர்ந்த ஒரு நிகழ்ச்சியுடன் இக்கட்டுரையைத் தொடங்குவது பொருத்தமாகும். ஓய்வு பெற்ற கொழுந்து பறிக்கும் தொழிலாளியான மூதாட்டி ஒருவர், தாம் வளர்த்த பத்து வயதுப் பையனுக்காகப் படிவமொன்றை நிரப்ப வேண்டியிருந்தது. பையனின் தாய் அதே லயத்தில் அடுத்த காம்பராவில் வாழ்ந்து மறைந்தவர். தந்தையின் இருப்பிடம் எவருக்குந் தெரியாது. படிவத்தில் “உறவுமுறை” என்றொரு கூடு இருந்தது. படிவத்தை நிரப்ப உதவிய எழுதுநர், “தத்தெடுத்த பிள்ளையா, மகவேற்புப் பத்திரம் இருக்கிறதா, இல்லை நீங்கள் பாதுகாவலரா?” என்று வினவினார். மூதாட்டி சிறிது நேரம் யோசித்துவிட்டுக் கூறிய விடை வருமாறு: “பெத்தது அவ, வளத்தது நானுங்க ஐயா. வேற என்னன்னு எழுதுறது?”

மூன்று சொற்கள் அவருக்கு முன் வைக்கப்பட்டன. அவரிடமோ நான்காவது சொல்லொன்று இருந்தது. அதற்குரிய இடம் படிவத்தில் இல்லை. ஆங்கிலத்தில் “அடொப்ஷன்” என்னும் ஒரே சொல்லாற் குறிக்கப்படும் செயல், தமிழ் வழக்கிலே தத்து, சுவீகாரம், வளர்ப்பு, மகவேற்பு எனப் பலவாகப் பிரிந்து நிற்பதேன்? இவை ஒரு பொருட் பன்மொழிகளா? அல்லது வெவ்வேறு சமூக உறவுகளின் பெயர்களா? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொற்களின் மூலத்தை நோக்குவோம். இலத்தீன் மொழியில் இச்செயலுக்குரிய வினை “தெரிந்து கொள்ளுதல்” என்னும் பொருளடியாகப் பிறந்தது. அதாவது, ஏற்பவரின் விருப்பமே அங்கு முதன்மை பெறுகிறது. வடமொழியில் “தத்த” என்பது “கொடுக்கப்பட்டது” எனப் பொருள்படும். தத்தம், தத்து என்னும் சொற்கள் அதன்வழி வந்தவை. அங்குக் கொடுப்பவரின் உரிமை முதன்மை பெறுகிறது. “சுவீகாரம்” என்பது தனதாக்கிக் கொள்ளுதல். உடைமையாக்கும் கருத்து அதில் வெளிப்படை. இலங்கையின் சட்டத்தமிழில் ஆளப்படும் “மகவேற்பு” ஏற்றலைச் சுட்டுகிறது. தெரிதல், கொடுத்தல், தனதாக்கல், ஏற்றல் ஆகிய நான்கும் ஒரு கணத்தில் நடந்து முடியும் செயல்கள். ஒரு சடங்கோடு அல்லது ஒரு கையொப்பத்தோடு அவை நிறைவெய்துகின்றன. ஆனால் “வளர்த்தல்” அத்தகையதன்று. அது காலத்தில் நீண்டு செல்லும் உழைப்பைக் குறிக்கும் சொல். இந்த வேறுபாடே நமது ஆய்வின் திறவுகோலாகும்.

தமிழில் “தத்து” என்ற ஒலிவடிவம் வேறு பொருள்களையும் தாங்கி நிற்பதை இவ்விடத்திற் குறிப்பிட வேண்டும். தத்துதல் என்பது தாவிச் செல்லுதல். சாதக வழக்கில் தத்து என்பது உயிருக்கு நேரும் கண்டம். “பிள்ளைக்குத் தத்து இருக்கிறது” என்று சோதிடர் கூறும்போது பொருள் முற்றிலும் வேறாகும். எனினும் மக்கள் வழக்கில் இவ்விரண்டும் ஓரிடத்தில் வந்து சந்தித்தமையைக் காணலாம். பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், பிறந்த குழந்தையைக் கோயிலுக்கோ உறவினருக்கோ பெயரளவில் விற்றோ கொடுத்தோ பின்னர் திரும்பப் பெறும் வழக்கம் இருந்தது. பிச்சை, குப்பை என்னும் அடியாகப் பிறந்த ஆட்பெயர்கள் அவ்வழக்கத்தின் எச்சங்களே. குழந்தை மரணம் மலிந்த சமூகத்தில் பெற்ற தாயே தன் பிள்ளையை அயலாள் பிள்ளையாக்கிக் காக்க முயன்றாள். மகவைக் கொடுத்தல் என்பது இங்குச் சொத்துரிமையின் பாற்பட்டதன்று, அச்சத்தின் பாற்பட்டது.

ஆயினும் சாத்திரங்கள் பேசும் தத்து வேறு. மனுதரும சாத்திரம் பன்னிரு வகைப் புதல்வரை வகுத்துரைக்கிறது. அவர்களுள் தத்தன் ஒருவன், கிரீதன் எனப்படும் விலைக்கு வாங்கப்பட்டவன் ஒருவன், பெற்றோராற் கைவிடப்பட்டுப் பிறரால் ஏற்கப்பட்டவன் ஒருவன், தன்னைத் தானே கொடுத்துக் கொண்டவன் ஒருவன். இவ்வகுப்பின் அடிப்படை யாது? யார் பிண்டமிட உரியவர், யார் பங்கு பெற உரியவர் என்பனவே அங்கு எழும் வினாக்கள். தத்தன் நீர் வார்த்துக் கொடுக்கப்படுபவன். நிலத்தைத் தானஞ் செய்யும்போதும் கன்னியைக் கொடுக்கும்போதும் வார்க்கப்படும் அதே நீர்தான் அது. நிலமும் பெண்ணும் மகவும் ஒரே சடங்கினாற் கைமாறியமை தற்செயலன்று. தனிச்சொத்தும் தந்தைவழி உரிமையும் நிலைபெற்ற சமுதாயத்தில் மகன் என்பவன் சொத்தைச் சிதறாது தாங்கிச் செல்லும் ஒருவனாகிறான். 1884 இல் வெளிவந்த நூலிலே ஏங்கெல்ஸ் குடும்பத்தின் தோற்றத்தைத் தனிச்சொத்துடனும் அரசுடனும் இணைத்து விளக்கியமை இத்தகைய செய்திகளைப் புரிந்து கொள்ளப் பெரிதும் உதவும்.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையும் இதற்கு விலக்கன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவராற் தொகுக்கப்பட்டு, 1806 இல் ஆங்கிலேயராற் சட்ட வலுவளிக்கப்பட்ட அத்தொகுப்பிலே மகவெடுத்தல் பற்றிய விதிகள் உள. மஞ்சள் நீர் பருகுதல் அதற்குரிய சடங்கு. இங்குக் கருதத்தக்கது, உரிமைக்காரராகிய நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டப்பட்டமையாகும். புதிதாக ஒரு மகன் வருவானாயின் தம் பங்கு குறையக்கூடியவர்கள் அவர்களே. மகவின் நலன்பற்றி எவரும் அங்கு வினவவில்லை. கண்டிச் சிங்களச் சட்ட மரபிலும், உரிமை பெறும் பொருட்டு ஏற்கப்படும் பிள்ளை ஏற்பவரின் சாதியைச் சேர்ந்ததாயிருத்தல் வேண்டும், ஏற்றமை வெளிப்படையாக அறிவிக்கப்படல் வேண்டும் என்பன நிபந்தனைகளாயிருந்தன. நிலமும் சாதியும் இணைந்திருந்த சமூக அமைப்பில் அது வேறுவிதமாக அமைந்திருக்க இயலாது.

தத்தின் செல்லுபடி எத்துணைத் தூரம் அதிகாரத்தைச் சார்ந்தது என்பதற்குத் தஞ்சாவூர் வரலாறு தக்க சான்று. 1787 இல் மராத்திய மன்னர் துளஜாஜி மறைவதற்கு முன் சரபோஜியைத் தத்தெடுத்தார். பண்டிதர் கருத்தைக் கேட்ட ஆங்கிலக் கும்பினி அத்தத்துச் செல்லாது எனக் கொண்டு அமர்சிங்கை அரியணையேற்றிற்று. பத்தாண்டுகள் கழிந்தன. அதே தத்துச் செல்லும் எனக் கண்டு 1798 இல் சரபோஜியை மன்னராக்கிற்று. அடுத்த ஆண்டில், 1799 இல், உடன்படிக்கையின்படி நாட்டின் ஆட்சி நிர்வாகம் கும்பினியின் கைக்கு மாறிற்று. சாத்திரம் மாறவில்லை, நலன்களே மாறின. பின்னர் டல்ஹௌசியின் காலத்தில் 1848 இல் சதாராவும் அதன்பின் ஜான்சியும், தத்துப் பிள்ளைக்கு அரசுரிமை இல்லை என்ற கோட்பாட்டினாலே கவரப்பட்டன. ஒரு குழந்தை மகனா அல்லனா என்பதை ஒரு வணிகக் கும்பினி தீர்மானித்த காலம் அது.

இதுவரை கூறியவை சொத்துடையோரின் கதை. மகவேற்பின் வேறொரு மரபும் உண்டு. அமெரிக்கப் பழங்குடியினரான இரொக்குவா மக்களை ஆராய்ந்த மோர்கன், 1877 இல் வெளிவந்த தமது நூலில், அக்குலங்கள் அந்நியரையும் போரிற் சிறைப்பட்டோரையும் தம்முள் ஏற்றுக்கொண்ட முறையை விளக்கினார். அவ்வாறு ஏற்கப்பட்டவர் குலத்தின் முழு உறுப்பினராயினர். பேணுவதற்குத் தனிச்சொத்து இல்லாதவிடத்து ஏற்றல் என்பது ஆளைச் சேர்த்தலாகும், உழைப்பையும் பாதுகாப்பையும் பகிர்தலாகும். நமது புறநானூற்றிலும் இதற்கு இணையான உணர்வொன்று காணப்படுகிறது. பாரி மாண்டபின் அவன் மகளிரை அழைத்துச் சென்ற கபிலர், விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் அவர்களை மணக்குமாறு வேண்டுகிறார். இருங்கோவேளிடம் பேசும்போது, தாம் அம்மகளிரின் தந்தைக்குத் தோழர் என்றும் ஆதலால் அவர்கள் தம் மகளிர் என்றும் உறவு கூறுகிறார். தாரை நீரோ, பங்காளிகளின் சம்மதமோ அங்கு இல்லை. நட்பே உறவுக்குப் போதுமான காரணமாகிறது. அவ்வேளிர் இருவரும் மறுத்தமையும் நோக்கத்தக்கது. பறம்பை இழந்த தந்தையின் மகளிருக்கு அரசியற் சந்தையில் மதிப்பில்லை. ஏற்றவர் ஒரு புலவர், மறுத்தவர் குறுநில மன்னர்.

ஈழத்துப் பேச்சுவழக்கில் வழங்கும் “பெறாமகன்”, “பெறாமகள்” என்னும் உறவுப் பெயர்களும் இவ்வகையில் ஆராயத்தக்கன. அண்ணன் தம்பியரின் பிள்ளை ஓர் ஆணுக்கும், அக்கா தங்கையரின் பிள்ளை ஒரு பெண்ணுக்கும் பெறாமக்கள். “பெறாத” என்னும் எதிர்மறையும் “மகன்” என்னும் உடன்பாடும் ஒரே சொல்லில் அமைந்துள்ளன. பெறுதலும் மகவாதலும் வெவ்வேறு என்பதைத் தமிழ்ப் பேச்சு தயக்கமின்றி ஏற்றுக்கொண்டதற்கு இச்சொற்கள் அடையாளம். இசுலாம் இதற்கு வேறொரு தீர்வு கண்டது. அநாதையை வளர்த்தலைப் பேரறமாகப் போற்றிய அது, வளர்க்கப்படும் பிள்ளையைப் பெற்ற தந்தையின் பெயராலேயே அழைக்குமாறு பணித்தது. அங்கு வளர்ப்பு உண்டு, ஆயின் பிறப்பின் அடையாளம் அழிக்கப்படுவதில்லை.

இனி மலையகத்துக்கு வருவோம். கலஹாவுக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்திலேதான் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரிலே தேயிலையை வணிகப் பயிராக நாட்டினார். இத்தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தொழிலாளிக்கு நிலமில்லை, லயக் காம்பராவும் சொந்தமன்று. வழிவழியாகக் கையளிப்பதற்குச் சொத்து இல்லாத ஒரு வர்க்கத்துக்குச் சாத்திரத் தத்து எதற்கு? எனவேதான் லயங்களிலே தத்து என்னுஞ் சொல் அரிதாகவும் “வளத்த புள்ள” என்னுந் தொடர் இயல்பாகவும் வழங்குகின்றன. தாய் மலைக்குச் செல்லும்போது பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுச் செல்வாள். மாலையில் அவள் திரும்பப் பிந்தினால் அடுத்த காம்பராக்காரி சோறூட்டுவாள். வளர்ப்பு என்பது அங்கு ஏற்கெனவே கூட்டுச் செயல். தாய் இறந்தாலோ மத்திய கிழக்குக்கு வேலைக்குச் சென்றாலோ அச்செயல் தொடர்கிறதேயன்றிப் புதிதாக ஒன்று தொடங்குவதில்லை. நாம் முதலிற் கண்ட மூதாட்டி எந்த நாளில் அப்பையனைத் தம் பிள்ளையாக ஏற்றார் என்று கேட்டால், அவரால் ஒரு திகதியைக் கூற இயலாது.

ஆனால் “வளர்ப்பு” என்னுஞ் சொல்லை மட்டும் வியந்து போற்றி அமைந்துவிடுதல் ஆய்வாளனுக்கு அழகன்று. இச்சொல்லுக்கு இருண்ட முகமொன்றும் உண்டு. தோட்டங்களிலிருந்து கண்டிக்கும் கொழும்புக்கும் சிறுவர் சிறுமியர் வீட்டு வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்ட வரலாறு நீண்டது. “நாங்கள் வளர்க்கிறோம்”, “எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி” என்பன அவ்வேளைகளிற் கூறப்படும் வார்த்தைகள். இங்கு “மாதிரி” என்னும் சொல்லே உண்மையைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. வீட்டுப் பிள்ளை பள்ளிக்குச் செல்லும்போது “பிள்ளை மாதிரி” உள்ளவள் பாத்திரம் துலக்குவாள். கூலி கேட்டால் அவள் பிள்ளை, உரிமை கேட்டால் அவள் வேலைக்காரி. 2021 ஜூலையில், டயகமப் பகுதியைச் சேர்ந்த 16 வயதுத் தோட்டச் சிறுமி கொழும்பிலே தான் பணிபுரிந்த வீட்டில் ஏற்பட்ட தீக்காயங்களால் உயிரிழந்தபோது, இவ்வழக்கம் பழங்கதையன்று என்பதை நாடு கண்டது.

சட்டமியற்றியோர் இதனை அறியாதவரல்லர். இலங்கையின் 1941 ஆம் ஆண்டு 24 ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றற் கட்டளைச் சட்டம் இரு செயல்களை ஒருங்கே மேற்கொண்டது. ஒன்று, மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையினால் மகவேற்றல். மற்றையது, பெற்றோரல்லாது பிள்ளையொன்றைத் தம் பொறுப்பில் வைத்திருப்போரைக் கட்டுக்காப்பாளராகப் பதிவு செய்தல். அன்புக்கு வளர்ப்பதையும் வேலைக்கு வளர்ப்பதையும் பேச்சுவழக்கு ஒரே சொல்லால் மறைத்தபோது, சட்டம் அவற்றை வேறுபடுத்த முனைந்தது. அச்சட்டத்தின் இன்னொரு சிறப்பு, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதத்தையும் வேண்டியமை. மனு தொடக்கம் தேசவழமை வரை எவரும் கேளாத ஒருவரின் குரல் முதன்முறையாக அங்கு இடம் பெறுகிறது. இந்தியாவின் 1956 ஆம் ஆண்டு இந்து மகவேற்புச் சட்டமும், பெண் பிள்ளையையும் தத்தெடுக்கலாம் எனவும் இதற்காகப் பணங் கொடுத்தலும் வாங்கலும் குற்றம் எனவும் விதித்தது. உரிமைக்காரனைத் தேடும் செயலிலிருந்து பிள்ளையைக் காக்கும் செயலாக மகவேற்பு மாறத் தொடங்கியதன் அறிகுறிகள் இவை.

எனினும் சட்டத்தாள் மட்டும் பிள்ளையைக் காப்பதில்லை. 1970களிலும் 1980களிலும் இலங்கையிலிருந்து பல்லாயிரம் குழந்தைகள் நெதர்லாந்து, சுவீடன், சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளுக்கு மகவேற்பின் பெயரால் அனுப்பப்பட்டனர். அவர்களின் தொகை 11,000 வரை இருக்கலாமென மதிப்பிடப்படுகிறது. அவற்றுட் பல, நீதிமன்றக் கட்டளையும் முத்திரையும் உடையனவாகவே இருந்தன. போலிப் பிறப்புப் பதிவுகள் ஆக்கப்பட்டமையும், பெற்ற தாயாக நடிப்பதற்குக் கூலிக்குப் பெண்கள் அமர்த்தப்பட்டமையும் 2017 இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றின் வழியாகப் பரவலாக வெளிப்பட்டன. சுவிற்சர்லாந்து அரசு 2020 இல் தன் அதிகாரிகளின் தவறுகளுக்கு வருத்தந் தெரிவித்தது. நெதர்லாந்தில் 2021 இல் விசாரணைக் குழுவொன்றின் அறிக்கையையடுத்து வெளிநாட்டு மகவேற்பு இடைநிறுத்தப்பட்டது. இலங்கை 1992 இல் தன் சட்டத்தைத் திருத்தி இறுக்கி, வெளிநாட்டு மகவேற்பு பற்றிய 1993 ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையை 1995 இல் உறுதிப்படுத்தியது. ஆனால் அனுப்பப்பட்டோர் பலர் இன்றும் கையிற் பொய்யான பத்திரத்துடன் தாயைத் தேடி வருகின்றனர். மனுவின் “விலைக்கு வாங்கப்பட்ட புதல்வன்” மறையவில்லை. சந்தை உலகளாவியதாயிற்று, அவ்வளவே. ஏற்றோரிற் பெரும்பாலானோர் நல்ல மனத்தினர் என்பதில் ஐயமில்லை. வறிய தாயிடமிருந்து வசதியுள்ள வீட்டுக்குப் பிள்ளை செல்லும் பாதை மட்டும் ஒருபோதும் எதிர்த்திசையிற் சென்றதில்லை என்பதே இங்கு சிந்திக்கத்தக்கது.

மகவேற்பின் சொல்லாட்சி குடும்பத்தோடு நின்றுவிடுவதுமில்லை. 1948 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பிரசைகளை வம்சாவழியினர், பதிவினர் என இரண்டாக வகுத்தது. முன்னவர் பெற்ற பிள்ளை, பின்னவர் ஏற்ற பிள்ளை என்று கூறின் மிகையாகாது. மலையகத் தமிழர் பெரும்பாலோர் பெற்ற பிள்ளையாகவும் கருதப்படவில்லை, ஏற்ற பிள்ளையாகவும் கொள்ளப்படவில்லை. 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இரு அரசுகள் மக்களைத் தத்துக் கொடுத்தும் ஏற்றும் கொண்டன, நீர் வார்க்கவில்லை என்பதே வேறுபாடு. கொடுக்கப்பட்டோரின் சம்மதம் உடன்படிக்கையின் பேச்சுவார்த்தையில் இடம்பெறவில்லை. இறுதியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகள் இந்நாட்டின் பொருளாதாரத்தை வளர்த்தவர்கள் இந்நாட்டாற் பிள்ளைகளாக எழுதப்படக் காத்திருந்தனர்.

இன்று இச்சொல் மேலும் பரந்து வழங்குகிறது. நிறுவனங்கள் கிராமங்களைத் “தத்தெடுக்கின்றன”. செல்வர் பாடசாலைகளைத் தத்தெடுக்கின்றனர். சென்னைக்கு அருகே வண்டலூர் உயிரியற் பூங்காவில் பணஞ் செலுத்தி விலங்குகளைத் தத்தெடுக்கலாம். கூட்டங்களிலே தீர்மானங்களும் கொள்கைகளும் “ஏற்கப்படுகின்றன”. இவற்றிற் கடைசியாகக் கூறியது வெறும் மொழிப் பொதுமை. ஆயின் கிராமத்தைத் தத்தெடுத்தல் என்பது அவ்வாறு குற்றமற்ற உருவகமன்று. உரிமையாகப் பெற வேண்டிய நீரும் பாதையும் பாடசாலையும், பெற்றோரை இழந்த பிள்ளை பெறும் கருணையாக அதனால் மாற்றப்படுகின்றன. வளர்ந்த மக்கள் பிள்ளைகளாக்கப்படுகின்றனர், அரசு தன் பெற்றோர்க் கடமையிலிருந்து நழுவுகிறது. தோட்டத்துரையைத் தாயும் தகப்பனுமாகப் பேசிய பழைய மொழியின் புதிய உருவமே இது எனலாம்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிபுகள் பெறப்படுகின்றன. ஒரு செயலுக்குப் பல பெயர்கள் இருப்பது மொழியின் வளத்தால் மட்டுமன்று. சொத்துடையோர் உரிமைக்காரனைத் தேடியபோது தத்தும் சுவீகாரமும் பிறந்தன. சொத்தற்றோர் ஒருவரையொருவர் தாங்கியபோது வளர்ப்பு நிலைபெற்றது. அரசு இவ்விரண்டுக்கும் நடுவே புகுந்து சான்று கேட்டபோது மகவேற்பு என்னும் சட்டச்சொல் ஆக்கப்பட்டது. தத்தில் பிள்ளையின் நலன் கருதப்படவில்லை. வளர்ப்பில் பிள்ளைக்கு அன்பு கிடைக்கலாம், ஆனால் அன்பின் பெயரால் உழைப்பும் சுரண்டப்படலாம், சான்றோ கிடையாது. மகவேற்பிற் சான்று உண்டு, சான்றே பொய்யாக்கப்படவும் கூடும். ஆகவே இவற்றுள் ஒன்றைத் தூயதென்றும் மற்றவற்றைத் தீயனவென்றும் கொள்ளுதல் தவறு. எவ்வழக்கிலும் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றே: இங்கு உழைப்பவர் யார், பயன்பெறுபவர் யார், பிள்ளையிடம் எவரேனும் கேட்டனரா?

கலஹாவின் அப்படிவத்துக்கு மீள்வோம். எழுதுநர் கடின சித்தமுடையவரல்லர். பலவாறு யோசித்தபின் “பாதுகாவலர்” என்று எழுதினார். மூதாட்டி அதனை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்ததும், அருகில் நின்ற பையன், “பாதுகாவலர்னா யாரு?” என்று கேட்டான். “நான்தாண்டா” என்றார் அவர். பத்து ஆண்டுகள் சோறூட்டிய உழைப்பு ஒரு பாதுகாவல் வேலையாகப் பதிவாயிற்று. வளர்த்தவரென்று எழுதுவதற்குப் படிவங்களில் ஒரு கூடு இருத்தல் வேண்டும். அக்கூட்டில் எழுதப்படுவதைக் கிராம உத்தியோகத்தரும் அயலவரும் பிள்ளையும் உறுதிப்படுத்தும் முறையொன்றும் வேண்டும். அது பேராய்வுக்குரிய கோரிக்கையன்று. ஆயினும் சொற்களை ஆராய்வோர் முன்வைக்கத் தக்கதே. ஏனெனில், வளர்த்தல் என்னும் சொல்லை மக்கள் பன்னெடுங்காலமாக வைத்திருக்கின்றனர். சட்டந்தான் அதனை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.